குற்றவாளிக் கூண்டில் ஒரு கார்

அமெரிக்காவில் ஒரு வழக்கு. ஒரு பக்கம் அரசு. எதிர்ப்பக்கம் ஒரு சேவல். நிஜம்தான் சார். 1960-ல் நெவாடாவில் ஒரு சூதாட்ட விடுதி, விளம்பரத்துக்காக வைத்திருந்த தங்கச் சேவலை, 'தனியார் இவ்வளவு தங்கம் வைத்திருக்கக் கூடாது' என்று அரசு பறித்துக்கொண்டது. வழக்குக் கட்டில் பிரதிவாதியின் பெயர், 'சேவல் வடிவிலான தங்கப் பொருள் ஒன்று'. 1962-ல் ஜூரிகள் 'இது கலைப்பொருள்' என்று சொல்ல, சேவல் விடுதலை!

அடுத்த கதையில் சிரிப்பு வராது. 1988, டெட்ராய்ட் நகரம். பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணோடு காரில் இருந்த ஆசாமி போலீஸில் மாட்டினார். காரைப் 'பொதுத் தொல்லை' என்று சொல்லி, பறிமுதலுக்கு கோர்ட் உத்தரவு போட்டது. 600 டாலருக்கு வாங்கிய பழைய போன்டியாக். பாதி மனைவிக்குச் சொந்தம். 'அவர் இப்படிப் பண்ணுவார்னு எனக்கென்ன தெரியும், என் பங்கையாவது கொடுங்க' என்பதுதான் அந்தம்மாவின் வாதம். உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் 5-க்கு 4 என்று தோற்றார். உரிமையாளருக்குத் தெரியாது என்பது சமாதானமாகாதாம். துரோகமும் அவருக்கே, தண்டனையும் அவருக்கே.

பொருளுக்குப் பாவம் உண்டா? பழைய இங்கிலாந்தில் ஆளைக் கொன்ற வண்டி அரசனுக்குப் போய்விடும். 1846-ல்தான் ஒழித்தார்கள். நம்ம மனுநீதிச் சோழன் கதையிலும் கன்றின் மேல் ஏறியது தேர்தான். தேரை யாராவது தண்டிக்கச் சொன்னார்களா?

போலீஸ் தரப்பு நியாயத்தையும் மறுக்க முடியாது. போதை வியாபாரி, சொத்தையெல்லாம் மாமியார், மச்சினன் பேரில் வாங்கிப் போட்டுவிட்டு 'எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க' என்று கையை விரிப்பான். பணத்தில் கை வைத்தால்தான் அவனுக்கு வலிக்கும். ஆனால், பல மாநிலங்களில் அந்தப் பணம் பறித்த போலீஸுக்கே போகிறதே! அங்கேதான் உதைக்கிறது.

2000-ல் மத்திய சட்டத்தைத் திருத்தி, விஷயம் தெரியாத உரிமையாளர் தப்பிக்க வழி வைத்தார்கள். தெரியாது என்று நிரூபிக்கும் பாரம் மட்டும் அவர் தலையில்தான். அலபாமாவில் 2019-ல், கல்லூரியில் படிக்கும் மகனுக்குக் காரைக் கொடுத்திருந்தார் ஒரு தாய். மகனிடம் கஞ்சா, கார் போலீஸிடம். தாய் மேல் தப்பில்லை என்று கோர்ட் சொல்ல 20 மாதம் ஆனது. 'காரை இத்தனை நாள் வைத்திருக்கலாமா என்று முதலிலேயே ஒரு தடவை விசாரித்திருக்க வேண்டாமா?' என்ற அவரது வழக்கும் 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் 6-க்கு 3 என்று தோற்றது. அப்படியானால், சாவியைக் கொடுக்கும்போதே மகனைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டுமா அந்தத் தாய்?

இதைப் படித்த அன்று சாயந்திரம் தம்பி மகன் வந்து பைக் சாவி கேட்டான். "எங்கேடா போறே? யாரோட?" என்றேன். ஒரு மாதிரி பார்த்தான்.

"ஏன் பெரியப்பா, எப்பவும் கேட்க மாட்டீங்களே?"

சாவியைக் கொடுத்துவிட்டேன்.