விலைபேசப்பட்ட மூர்த்தி

சீனத்தில் ஷாங், சௌ அரச மரபினர் காலத்தில் முன்னோருக்கு மது படைப்பதற்கென வார்க்கப்பட்ட வெண்கலக் கலங்கள் இன்று ஏலத்துக்கு வருகின்றன. மகனும் பேரனும் வழிவழியாகப் போற்றிக் கையாள வேண்டும் என்ற வேண்டுதல் அவற்றுள் பலவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. வழிபாட்டுக்கென்றே பிறந்த பொருளை விற்பவர் எதை விற்கிறார் என்னும் கேள்வி பொதிகை மலையடிவாரத்தில் இன்னும் கூர்மை கொள்கிறது. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982இல் களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர்க் கலைக்கூடத்தில் இருந்து 2019இல்தான் தமிழகம் திரும்பினார்.

செம்பே தெய்வம் என்று சைவம் சொல்வதில்லை. எங்கும் நிறைந்த இறைவன் பிற இடங்களில் பாலில் நெய்போல் மறைந்தும், அடியார் வேடத்திலும் திருக்கோயிலிலும் தயிரில் நெய்போல் விளங்கியும் நிற்கிறான் என்பது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பாவுக்குரிய விளக்கம். திருப்பணிக் காலத்தில் மூர்த்தியின் அருளாற்றலை நீர் நிறைந்த குடத்துக்கு மாற்றும் கலாகர்ஷணம் என்னும் சடங்கும் உண்டு. ஆற்றல் அகலக்கூடியதென்றால், பூசை நின்ற படிமம் வெறும் உலோகந்தானே என்று விற்பவர் வாதிடலாம். அவ்வாதம் நிற்காது, ஆசாரியர் மந்திரத்தோடு வேண்டி மாற்றுவதும் கள்வன் இருளில் பெயர்த்தெடுப்பதும் ஒன்றல்ல, களவால் பூசை தடைப்படுகிறதே அன்றி மூர்த்திக்கும் ஊருக்கும் உள்ள உறவு அறுவதில்லை. தமிழகத்தின் பத்தூர்க் கோயிலில் இருந்து களவுபோன நடராசர் குறித்த வழக்கில் 1991இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும், படிமத்தை மீட்க வழக்காடும் உரிமை கோயிலுக்கே உண்டு என ஏற்றது.

உற்சவ மூர்த்தி, அதாவது திருவிழாவில் உலாவரும் திருமேனி, நகர்வதற்கென்றே வார்க்கப்படுவது. அதன் பீடத்தில் கழியும் கயிறும் கோத்துக் கட்டுவதற்கான துளைகளும் வளையங்களும் உண்டு. கோயிலில் பட்டும் மாலையும் அவற்றை மூடியிருக்கும், கண்ணாடிப் பேழைக்குள்ளோ முதலில் கண்ணில் படுபவை அவையே. தோள் கொடுத்தவர்களுக்காக விடப்பட்ட அத்துளைகள் வெறுமையாகத் தெரிவதைப் போல் நெஞ்சை அறுப்பது வேறில்லை.

தென்காசியை அடுத்த குற்றாலத்திலோ, நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபையில், கூத்தப் பெருமான் சுவரில் வண்ணமாகவே ஆடுகிறார். எடைபோட உலோகம் அங்கே இல்லை. சுரண்டி எடுத்தால் நிறப்பொடிதான் மிஞ்சும், ஆயினும் தீபம் காட்டும்போது கூடியிருப்போர் கைகள் தலைக்குமேல் உயர்கின்றன.