பழி வேறு, கடமை வேறு

நம்மில் பல வீடுகளில் நடப்பதுதான் இது. வாப்பாவுக்கு இனிப்புநீர் வியாதி. சில ஆண்டுகள் கழித்து மகனுக்கும் காண்கிறது. உடனே உறவினர் இரு கட்சியாகப் பிரிந்து பேசுவர். “வாயைக் கட்டாதவன் அனுபவிக்கட்டும்” என்பது ஒரு கட்சி. “பரம்பரை வியாதி, யாரால் என்ன செய்ய முடியும்?” என்பது மறு கட்சி. இவற்றுள் எது நியாயம்? அன்பர்களே, சற்று எண்ணிப் பார்ப்போம்.

முதற் கட்சியாரின் தீர்ப்பு கொடுமையானது. உடற்பருமனுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் பிறப்பிலேயே ஒரு சார்பு உண்டென்பதை விஞ்ஞானம் உறுதி செய்துள்ளது. நீரிழிவு காணும் வாய்ப்பை வெகுவாக உயர்த்தும் மரபணு மாறுதல் ஒன்றை ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர் 2006-ல் கண்டறிந்தனர். மறு ஆண்டில் எஃப்.டி.ஓ. என்னும் மரபணுவைப் பற்றித் தெரியவந்தது. அதன் மாறுதலைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர், பெறாதவரைவிடச் சராசரியாக 3 கிலோ எடை கூடியிருக்கின்றனர். ஒரே சஹனில் உண்ண அமர்ந்த இருவரில் ஒருவருக்கு வயிறு நிறைந்த உணர்வு விரைவில் வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை. பசியின் அளவை நம்மில் எவரும் கேட்டு வாங்கிப் பிறக்கவில்லை. அப்படியிருக்க, பருமனான பிள்ளையை விருந்தில் பலர் முன் கேலி செய்வது எந்த நீதி?

அப்படியானால் மறு கட்சியார் சொல்வதுதான் சரியா? அதுவும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களின் இரத்த உறவினர் மெக்சிகோ மலைப்பகுதியில் உள்ளனர். 2006-ல் வெளியான ஆய்வின்படி, அரிசோனா பீமாக்களில் வயது வந்தோர் 100 பேரில் 38 பேருக்கு நீரிழிவு. மெக்சிகோவில் 7 பேருக்கும் குறைவு. மலையில் உள்ளோர் வயலில் பாடுபட்டு, சோளமும் அவரையும் உண்டு வந்தனர். அரிசோனாவிலோ, குடியேறிய வெள்ளையர் 19-ஆம் நூற்றாண்டில் ஹீலா ஆற்று நீரை மேலேயே திருப்பிக்கொண்டதால் விவசாயம் அழிந்தது; பிற்காலத்தில் அரசாங்கம் கொடுத்த மாவும் கொழுப்பும் உணவாயின. இரத்தம் ஒன்றுதான், வாழ்க்கை வேறாயிற்று.

வாழ்க்கையைத் திருத்தினால் வியாதியும் விலகி நிற்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் நின்ற 3,000-க்கும் அதிகமானோரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. எடையில் 7 சதவிகிதம் குறைக்கவும் வாரம் 150 நிமிடம் உடலை இயக்கவும் முயன்ற பிரிவினரிடம் வியாதி 58 சதவிகிதம் குறைந்தது. முன்சொன்ன மரபணு மாறுதல் உள்ளவர்களும் இப்பயனை அடைந்தனர். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்விலும், உணவையும் நடையையும் திருத்தியோரிடம் வியாதி கால் பங்குக்கு மேல் குறைந்தது.

ஆகவே பழி வேறு, கடமை வேறு. வியாதி கண்டவன் மேல் பழியில்லை. ஆனால் கடமையோ அவன் ஒருவனுடையது மட்டுமன்று. இரத்தத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள், உணவைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் அனைவருக்கும் அதில் பங்குண்டு.

முதற் கடமை, மறைக்காதிருப்பது. பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்றஞ்சி, பெற்றோர் தம் வியாதியை வெளியில் சொல்வதில்லை. சிலர் பெற்ற மக்களிடமே சொல்வதில்லை. முப்பது வயதிலேயே இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டிய மகன், அதனால் ஐம்பதில் கண் மங்கிய பிறகே விஷயத்தை அறிகிறான். வீடும் நகையும் விட்டுச் செல்ல நினைக்கும் நாம், பிள்ளைகளைக் காக்கக்கூடிய இந்த ஒரு செய்தியை ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்தது, உபசாரத்தைப் பற்றியது. “போதும்” என்ற விருந்தாளியின் முன் மேலும் ஒரு கரண்டி நெய்ச்சோற்றை வைப்பதை அன்பு என்று எண்ணிவிட்டோம். சீனி குறைத்துத் தேநீர் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். வீட்டில் நோயாளிக்கு மட்டும் தனிக் கஞ்சி வைத்தால் அது அவருக்குத் தண்டனை; வீடே உணவை மாற்றிக்கொண்டால் அது துணை. இனி நம் விருந்துகளில் “போதும்” என்ற சொல்லுக்கு மதிப்பளிப்போமாக. அதற்குக் காசு செலவில்லை; மனம் இருந்தால் போதும்.