கேட்காத கேள்விக்கும் பதில்

நிலம் விற்பவர் பொய் சொல்லக் கூடாது என்பதில் தகராறு இல்லை. தகராறு அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது: வாங்க வந்தவர் கேட்காமல் விட்ட கேள்விக்கும் விற்பவர் பதில் சொல்ல வேண்டுமா? ஐப்பசியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் மனையைச் சித்திரை வெயிலில் காட்டுகிறார் ஒரு மனை வணிகர். வந்தவர் பட்டா பார்க்கிறார், மூலப்பத்திரம் பார்க்கிறார், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று வாங்கிப் பார்க்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. தண்ணீரைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வணிகரும் வாய் திறக்கவில்லை. பத்திரம் முடிந்துவிடுகிறது.

இந்த மௌனத்தைப் பற்றிச் சட்டம் வெகு காலத்துக்கு முன்பே பேசியிருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு: நிலத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் பிடிபடாமலும் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனைக்குள்தான் வணிகர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பக்கத்து டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே, கேட்காதது யார் குற்றம் என்பார்கள். நீதிமன்றத்தில் இந்த வாதம் எடுபடவும் கூடும்.

ஆனால் மனை விற்பனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வருகிறது. போக்குவரத்து இலவசம், மதியச் சாப்பாடு இலவசம், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தால் பத்திரச் செலவு இலவசம், கூடவே ஒரு தங்க நாணயம். வாங்குபவர் விசாரிக்கச் செலவிட வேண்டிய ஒரு வாரத்துக்கு வணிகர் கொடுக்கும் விலைதான் அந்த நாணயம். அவகாசத்தைத் தன் கையாலேயே பறித்தவர், பிறகு உங்கள் கவனம் போதவில்லை என்று கைவிரிப்பது எந்த ஊர் நியாயம்?

வணிகரின் பக்கத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. கடன் வாங்கி நிலம் பிடித்திருப்பார். வட்டி மாதாமாதம் ஏறும். தண்ணீர் நிற்கும் என்று அவர் சொன்னால், சொல்லாத பக்கத்து லேஅவுட்டுக்கு வாடிக்கையாளர் போய்விடுவார். வருகிறவர்களிலும் பலர் குடியிருக்க இடம் தேடி வருவதில்லை; சில வருடம் போட்டு வைத்து நல்ல விலைக்குத் தள்ளிவிடும் எண்ணத்தில் வருகிறார்கள். 2019-இல் பயனீர் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமும், திவால் நடவடிக்கையைப் பொறுத்தவரை, வீடு வேண்டியவரையும் ஊகத்துக்குப் பணம் போட்டவரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. லாபத்துக்கு வந்தவர் நஷ்டத்தையும் தாங்கட்டும் என்பது நியாயமாகவே படும். ஆனால் எந்த நஷ்டத்தை? விலை ஏறாமல் போகலாம் என்பது அவர் தெரிந்தே ஏற்ற ஆபத்து. தண்ணீர் நிற்கும் என்பது அவர் கண்ணில் காட்டப்படவே இல்லை. தவிர, அவர் அதை நாளைக்கு விற்கப்போவது யாரோ ஒரு குடும்பத்துக்கு. முதல் வணிகரின் மௌனம் மனையோடு சேர்ந்து கை மாறிக்கொண்டே போகும்.

நம்பிக்கையைச் சம்பாதிப்பது எப்படி என்று விற்பனைப் பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். தெரிந்தவர் மூலம் அணுகு, பழைய வாடிக்கையாளரைப் பேச வை, சொன்ன தேதியில் பணம் கொடு. இவை மூன்றும் நல்ல பழக்கங்கள்தான். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. பி.ஏ.சி.எல். நிறுவனம் விவசாய நிலத்தின் பெயரில் 5 கோடிக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று 2014 ஆகஸ்டில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி உத்தரவிட்டது. நிலங்களை விற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க 2016-இல் உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் குழு அமைக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு பேர் நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டா பணம் கட்டினார்கள்? ஊருக்கு ஊர் இருந்த முகவர்களை நம்பிக் கட்டினார்கள். முகவர் என்றால் அத்தை மகனாக இருப்பார், அடுத்த தெருக்காரராக இருப்பார். கமிஷனுக்கு அவர் விற்றது நிலத்தை என்பதைவிட, பல வருடம் ஒரே தெருவில் வாழ்ந்து சேர்த்த உறவை என்று சொல்லலாம். தானே சரிபார்க்காத ஒன்றுக்கு அந்த உறவை ஈடு வைக்க அவருக்கு உரிமை உண்டா? அவரும் ஏமாந்தவர்தான் என்பது இரக்கத்துக்குக் காரணமாகலாம். உரிமைக்கு ஆகாது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இந்த உறவுப் பேச்சையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, கணக்கைக் காட்டு என்கிறது. பதிவு செய்யாமல் விளம்பரம் கூடாது. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வசூலில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். உரிமைக் குறையால் நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கக் காலவரம்பே இல்லை. எங்களை நம்பவில்லையா என்று இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. சோதித்துப் பார்க்க விடாமல் கேட்கும் நம்பிக்கைக்கு வேறு பெயர் உண்டு. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. லேஅவுட்டில் பாதி மனைகள் விற்றாகிவிட்டன. வெளிவட்டச் சாலை வருகிறது என்று சொல்லியே விற்றார்கள். சொன்னபோது அது உண்மை. இப்போது சாலையின் பாதை மாறிவிட்டதாக வணிகருக்குத் தெரிகிறது. புதிதாக வருகிறவரிடம் சொன்னால், ஏற்கெனவே வாங்கியவர்களின் மனை விலை விழும். சொல்லாவிட்டால் புதியவர் ஏமாறுவார். பழைய வாடிக்கையாளருக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று மௌனத்துக்கு இங்கே கௌரவமான பெயர் சூட்டிவிடலாம். ஆனால் பழையவர்களின் நஷ்டம் சாலை திரும்பிய அன்றே நேர்ந்துவிட்டது. மௌனம் புதியவரையும் அதில் பங்காளியாக்கும், அவ்வளவுதான். எனவே இரு தரப்புக்கும் ஒரே நாளில் சொல்வதுதான் முறை. முழுப் பணமும் கட்டியவர்களுக்கு வணிகர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதில் வாதிட இடமுண்டு. மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகமும் இல்லை. அடுத்த தவணைக்கு ரசீது போடும் முன் செய்தியைச் சொல்லி, விலக விரும்புகிறவருக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.