வேறுபாடு இருக்க அமைதி கூடுமோ?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாடுகளுக்கிடையே மூளும் போர்களுக்கு மத வேறுபாடே காரணம் என்றும், எல்லா மதங்களும் ஒன்றே என்று உலகோர் ஒப்புக்கொண்டாலன்றி அமைதி வாராது என்றும் கூறுவார் பலர். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்லே அது. ஆயினும் ச்ரிய:பதியையே பரதத்த்வமாகக் கொண்ட நம்மால் அதை அப்படியே ஏற்க இயலாது. அப்படியாயின், கொள்கையில் உறுதி உடையவர்களால் உலகில் அமைதி நிலவ வழியில்லையோ? விடையை ஆழ்வாரிடமே தேடுவோம்.

ஸ்வாமி நம்மாழ்வார் நான்காம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியில் நாராயண பரத்வத்தை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டுகிறார். அங்கே சமணரையும் சாக்கியரையும் வாது செய்வாரையும் விளித்து, அவர்களும் அவர்தம் தெய்வமுமாய் நிற்பவன் அவனே என்கிறார். முதல் திருவாய்மொழியின் ஐந்தாம் பாசுரத்திலோ, ஒவ்வொருவரும் தம் அறிவுக்கு எட்டிய வகையில் தத்தம் இறைவரைப் பற்றுகின்றனர், அவ்விறைவரும் பலன் தருவதில் குறைவிலர், எம்பெருமானே உள்நின்று அதை நடத்துகிறான் என்று அருளிச்செய்கிறார். உறுதியும் பொறையும் ஒரே திருவாக்கில் பிறந்தவை. ஒன்றுக்கு ஒன்று பகை அல்ல.

எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில், ஏழாம் அத்யாயத்தின் இருபத்தொன்றாம் ச்லோகத்துக்கு அருளிய விளக்கம் இதனினும் ஆழமானது. தேவதாந்தரங்கள் எம்பெருமானுடைய சரீரம் என்று அறியாமலே ஒருவன் அவற்றை அர்ச்சிக்க விரும்பினாலும், அவனுடைய ச்ரத்தையை அசையாதபடி நிலைநிறுத்துபவன் கண்ணனே. நம் ஸ்வாமி நிலைநிறுத்திய ஒன்றை வலிமையால் அசைக்கப் புகுவது எவருக்குச் செய்யும் கைங்கர்யம்?

இந்த உண்மையை அறியாமலே, பெரும் விலை கொடுத்து அதன் அருகே வந்து சேர்ந்தது ஐரோப்பா. 1555-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் உடன்படிக்கைப்படி, ஜெர்மானியப் பேரரசின் ஒவ்வொரு நிலப்பகுதியிலும் ஆள்பவரின் மதமே குடிகளின் மதமாக வகுக்கப்பட்டது. மன்னன் மாறினால் குடிகளும் மாற வேண்டும். இயலாதவர் ஊரை விட்டுப் போக வேண்டும். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1618-இல் ப்ராக் நகரில் மூண்ட தீ முப்பது ஆண்டுகள் எரிந்தது. போரைத் தொடர்ந்து பஞ்சமும் கொள்ளைநோயும் ஊர் ஊராக அழித்தன. மதத்தின் பெயரால் தொடங்கிய அப்போரில் கத்தோலிக்க நாடான பிரான்ஸ், லூதரன் நாடான ஸ்வீடனோடு கைகோத்துக் கத்தோலிக்கப் பேரரசரையே எதிர்த்தது. கொடியில் இருந்தது மதம். படையை நடத்தியதில் மண்ணாசைக்கும் பங்கு உண்டு.

1648-இல் வெஸ்ட்பேலியாவில் அமைதி பிறந்தது. ஒரே ஊரில் கூட மனம் இல்லாமல் மூன்ஸ்டர், ஓஸ்னாப்ரூக் என்னும் இரு நகரங்களில் பேசினார்கள். யாருடைய சித்தாந்தம் மெய் என்பதை அவர்கள் தீர்க்கவில்லை. 1624-ஆம் ஆண்டின் முதல் நாளில் வழிபாடும் கோயிற்சொத்தும் எவ்வாறு இருந்தனவோ அதையே அளவாகக் கொண்டார்கள். ஆள்பவர் மதம் மாறினாலும் குடிகள் மாற வேண்டா என்றார்கள். பேரரசின் மன்றத்தில் மதத்தைப் பற்றிய வழக்கைப் பெரும்பான்மை வாக்கால் முடிக்கலாகாது, இரு பக்கத்தாரும் இசைந்தே முடிக்க வேண்டும் என்று விதித்தார்கள். போப் பத்தாம் இன்னசென்ட் இதைக் கண்டித்தார், உடன்படிக்கை நின்றது. குறைகளும் இருந்தன. கத்தோலிக்கர், லூதரன், கால்வினிய மரபினர் ஆகிய மூவருக்கே அது காப்பளித்தது. பின்னும் நாடுகள் போரிட்டன. ஆனால் அத்தனை பெரிய மதப்போர் அம்மண்ணில் மீண்டும் மூளவில்லை.

ஆகவே அமைதிக்கு வேண்டியது கொள்கையைக் கைவிடுதல் அன்று. கொள்கையைக் காக்க வலிமையைத் துணைக்கு அழையாதிருத்தல். தன் தெய்வம் ஸர்வசக்தன் என்று மெய்யாகவே நம்புகிறவனுக்குப் படையின் துணை எதற்கு? பிறரை வலிந்து மாற்றத் துடிப்பவனிடம் மிகுந்திருப்பது விச்வாஸம் அன்று, அச்சமே.

இதை உலக நாடுகளுக்குச் சொல்ல நமக்குத் தகுதி உண்டோ என்றும் கேட்டுக்கொள்வோம். ஒரே எம்பெருமானுக்கு, ஒரே எம்பெருமானாரின் அடியார்களாகிய நாம், திருமண்காப்பின் வடிவுக்காகவும், கோஷ்டியில் யார் முன்னே ஸேவிப்பது என்பதற்காகவும் தலைமுறை தலைமுறையாக வழக்குமன்றம் ஏறியிருக்கிறோம். அருளிச்செயல் ஒலிக்க வேண்டிய ஸந்நிதியில் கூச்சல் எழுந்த நாள்களும் உண்டு. தம்மோடு மாறுபட்டவரின் உள்ளும் எம்பெருமானைக் கண்ட ஆழ்வாரின் பாசுரத்தைச் சொல்லும் உரிமைக்காக, அவரால் கொண்டாடப்பட்ட பாகவதர்களிடமே அபசாரப்படுகிறோம். வெஸ்ட்பேலியாவில் கூடியவர்களாவது பகைவர்கள். நாம் உறவினர்கள்.

நாடுகளின் அமைதி நம் கையில் இல்லை. நம் கோஷ்டியின் அமைதி நம் கையில் உண்டு. அடுத்த முறை புறப்பாட்டில் நிற்கும்போது, வேறு திருமண்காப்பு அணிந்த அடியாருக்கு முதலில் கை கூப்பி, அவர் முன்னே நிற்க இடம் விடுவோம். அதனால் நம் ஸம்ப்ரதாயத்துக்கு ஒரு குறையும் வாராது. ஆழ்வாரின் திருவுள்ளம் உகக்கும்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.