துறவு என்னுஞ் சொல்

துறவு என்னுஞ் சொல் பலராலும் வழங்கப்படினும், அதன் பொருள் காவியுடையளவிற் சுருங்கி நிற்கின்றது. வேறு சிலர் தன்னை அழித்துக்கொள்ளுதலே துறவென மயங்குவர். இவ்விரண்டும் சித்தாந்தத்திற்கு ஒவ்வாமையை யாம் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

துறத்தல் செயப்படுபொருளை வேண்டிநிற்கும் வினை. 'துறந்தான்' என்றவழி 'எதனை?' என்னும் வினா எழும். நன்னூலார் இரண்டாம் வேற்றுமைக்குரிய பொருள்களுள் நீத்தலையும் ஓதினார். அதற்கு 'மனைவியைத் துறந்தான்' என்பது மாணாக்கர் அறிந்த உதாரணம். ஆயின், மனையறத்தில் நின்றே வீடெய்திய நாயன்மார் பலராகலின், அவ்வுதாரணத்தையே துறவிற்கு இலக்கணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. துறக்கப்படும் பொருள் யாதென்பதே ஆராயற்பாலது.

திருவள்ளுவனார் துறவென்னும் 35-ஆம் அதிகாரத்தில், பொருள்களின்மேற் செல்லும் பற்றை விடுதலோடு, யான் என்றும் எனது என்றும் எழும் அகந்தையைக் களைதலையுங் கூறினார். எனது என்பதனைத் துறந்தவழியும், யான் என்பது அத்துறவினையே பற்றிக்கொண்டு வளர்தலுமுண்டு. 'யான் துறந்தேன்' என்று எண்ணுவோன், எல்லாந் துறந்தும் துறக்கவேண்டிய ஒன்றைத் துறந்திலன். அவ்வொன்றினை நம் ஆசிரியர்கள் தற்போதம் என்ப.

அஃது ஒழியுமாறு யாங்ஙனமெனின், திருவருள்வழிநின்று செய்யும் பணியால் என்க. திருப்புகலூரில் அப்பர் சுவாமிகள் உழவாரத் திருப்பணி செய்த இடத்துப் பொன்னும் நவமணியுந் தோன்ற, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பவெண்ணி உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தனர் என்பது பெரியபுராணம். அவர் பொன்னை அஞ்சி ஓடினாரல்லர், பணியை நிறுத்தினாருமல்லர். பணிக்கு இடையூறாய்க் கிடந்ததனை அகற்றினார். 'பொன்னைத் துறந்தேன்' என்னும் நினைவிற்கு ஆண்டு இடமில்லை.

தற்போதம் ஒழியின் உயிரும் ஒழியுமோவெனின், ஒழியாது. உமாபதி சிவனார் திருவருட்பயனில் முத்திநிலைக்குத் தாடலை என்னும் புணர்ச்சியை உவமை காட்டினார். தாள், தலை என்னும் இருசொல்லும் எழுத்துத் திரிந்து ஒருசொல்போல் நிற்பினும், அவற்றின் பொருள் அழிந்தில. அங்ஙனமே உயிர் தன்முனைப்பு நீங்கித் திருவடியில் அடங்கி நிற்கும். உயிரே அழியுமாயின் சிவானந்தம் நுகர்வார் யாவர்?

ஆதலின், துறவாவது தன்னை அழித்தலுமன்று, வேடம் மாற்றுதல் மாத்திரமுமன்று. தன்முனைப்பை அரன்பணியில் இழத்தலேயாம். மடத்திலிருப்பார்க்கும் மனையிலிருப்பார்க்கும் இஃது ஒக்கும். யாம் வேடத்தை இகழ்ந்தேமல்லேம். திருவேடம் என்றும் வணங்கற்பாலது. அதனைத் தாங்கினோர் நாடோறுந் தம்முட் கேட்டற்குரிய வினா, 'எதனைத் துறந்தேம்?' என்பதே.

திருச்சிற்றம்பலம்.