உபகரணம் உடையவரின் வாழ்க்கை

நசிகேதனின் மனத்தைத் திருப்புவதற்காக எமதர்மன் அடுக்கும் பொருள்களின் வரிசை கடோபநிஷத்தில் நீண்டு செல்கிறது. நூறாண்டு வாழும் மக்களும் பேரர்களும், ஆநிரைகள், யானைகள், பொன், குதிரைகள், பரந்த நிலம், விரும்பிய அளவு ஆயுள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிய பின்னர், தேர்களுடனும் இசைக்கருவிகளுடனும் நிற்கும் தேவமகளிரையும் அவன் முன்னிலைப்படுத்துகிறான். இப்பகுதியைப் படிப்போரின் கவனம் பெரும்பாலும் தேவமகளிரிடமே நின்றுவிடும். அவர்களோடு வந்த இசைக்கருவிகள் கண்ணில் படுவதில்லை. நசிகேதன் அவற்றைக் கவனித்திருக்கிறான். விடை கூறும்போது வாகனங்களையும் ஆடலையும் பாடலையும் தனித்தனியே குறிப்பிட்டு, அவை எமனிடமே இருக்கட்டும் என்று மறுத்துவிடுகிறான்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. பொன்னும் யானையும் மயக்கும் பொருள்கள் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். இசை அப்படிப்பட்டதா? சாமவேதம் இசையாகவே ஓதப்படுகிறது. நாதத்தை உபாசனையாகக் கொண்ட மகான்கள் இந்நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் தோன்றியிருக்கிறார்கள். அப்படியிருக்க, இசைக்கருவி எமனுடைய பட்டியலில் எவ்வாறு இடம்பெற்றது? நசிகேதன் விலக்கியது இறைவனிடம் அழைத்துச் செல்லும் இசையை அன்று. ஆத்ம ஞானத்தைக் கேட்டவனுக்கு, அதற்கு ஈடாக நீட்டப்பட்ட உடைமையைத்தான் அவன் விலக்கினான். நீட்டப்பட்டது வாளாக இருந்தாலும் வீணையாக இருந்தாலும், 'இதை வைத்துக்கொள், அதைக் கேட்காதே' என்ற பேரம் ஒன்றுதான்.

தாமச ஆசை தன் முகத்தை மறைப்பதில்லை. மதுவை நாடுபவனுக்குத் தான் நாடுவது மது என்று தெரியும். சாத்விகப் பொருள்களின் மீது எழும் ஆசையோ ஜபமாலை அணிந்து வருகிறது. வீட்டில் இரண்டு தம்புராக்களை உறைபோட்டு வைத்துவிட்டு மூன்றாவதை நாடும் அன்பர், தமக்கு எழுந்திருப்பது பொருளாசை என்று ஒருபோதும் எண்ணமாட்டார். நாத உபாசனையில் தீவிரம் மிகுந்துவிட்டதாகவே கருதுவார். மற்ற ஆசைகளைக் காட்டிலும் இதை அடையாளம் காண்பது கடினமாவது இதனால்தான்.

புணே போன்ற நகரம் ஒன்றில், குடியிருப்புக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் பஜனை நடத்தும் அன்பர் குழு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அலுவலகப் பணியில் இருக்கும் ஒருவர் ஆண்டுக்கணக்காக ஒரே ஹார்மோனியத்தை வாசித்து வருகிறார். ஒருநாள் வெளியூர்க் குழு ஒன்று வருகிறது. அவர்கள் கொண்டுவந்தது 'ஸ்கேல் சேஞ்சர்' ஹார்மோனியம். சாதாரணப் பெட்டியில் ஆண்கள் 1 கட்டையிலும் பெண்கள் 5 கட்டையிலும் பாடினால், வாசிப்பவர் ஒவ்வொரு சுருதிக்கும் விரல்களின் இடத்தை மாற்றியாக வேண்டும். இந்தப் பெட்டியிலோ கட்டைகளின் வரிசையே நகர்ந்து வேறு ரீடுகளின் மேல் அமர்ந்துகொள்ளும். விரல்கள் பழகிய வழியிலேயே ஓடலாம். அன்பர் அதைத் தொட்டுப் பார்க்கிறார். அன்றிரவு கைப்பேசியில் அதைப் பற்றிய காட்சிகளைத் தேடிப் பார்க்கிறார். மறுநாளும் பார்க்கிறார்.

அதன் பின்னர் அவருடைய பேச்சு மாறிச் செல்லும் வகை கவனிக்கத்தக்கது. முதல் வாரம், "அவர்களுடைய பெட்டி நன்றாக இருந்தது" என்கிறார். அடுத்து, "நம் பெட்டியில் ஒலி சற்று மங்கிவிட்டது" என்கிறார். அதற்கடுத்து, "இப்போதெல்லாம் பஜனையில் பழைய பாவம் வருவதில்லை" என்கிறார். நான்காம் வாரம், "பகவானுக்கு உயர்ந்ததை அல்லவா அர்ப்பணிக்க வேண்டும்?" என்று கேட்கிறார். நான்கே வாரங்களில் ஆசை கடைத்தெருவிலிருந்து நடந்துவந்து பூஜையறைக்குள் அமர்ந்துவிட்டது. இனி அதை மறுப்பவர் பக்தியையே மறுப்பவராகத் தோன்றுவார்.

இதில் இழக்கப்படுவது பணம் மட்டுமன்று. ஆனால் பணமும் அற்பமன்று. குழுவின் உண்டியலில் சேர்ந்திருக்கும் தொகையில் குடும்ப ஓய்வூதியம் பெறும் ஒரு மூதாட்டியின் மாதக் காணிக்கையும் கலந்திருக்கிறது. மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் நோயாளிகளின் உறவினருக்கு உணவளிப்பதற்காக அவர் கொடுத்தது அது. எல்லோரும் அவரை ஆஜி, அதாவது பாட்டி, என்று அழைக்கிறார்கள். ஆஜி கோபிக்கவில்லை, ஒன்றே ஒன்று கேட்கிறார்: "பாவூ, புதுப்பெட்டி வந்தால் நீங்கள் வியாழக்கிழமை கால் மணி நேரம் முன்னதாக வருவீர்களா?" அவர் எப்போதும் முதல் பாடல் தொடங்கிய பின்னரே வந்து அமர்பவர். பெட்டியின் உறையை நீக்குவதும் துருத்தியைத் திறப்பதும்கூட வேறு யாரோ செய்து வைப்பதுதான்.

அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது. 5 கட்டையில் வாசிக்க விரல்கள் தயங்கியதற்கு மருந்து, நாள்தோறும் சிறிது நேரம் அந்தச் சுருதியில் ஸ்வர வரிசைகளை வாசிப்பது. அது பொறுமையைக் கேட்கிறது. தாமே பிழையாக வாசிப்பதைத் தாமே கேட்டுக்கொண்டிருக்கும் பணிவையும் கேட்கிறது. பணம் அவ்விரண்டையும் கேட்பதில்லை. புதிய கருவியின் மீது எழும் ஆசையில் பெரும்பகுதி, பயிற்சியிலிருந்து தப்பித்துக்கொள்ளும் ஆசையே. இசையில் மட்டுமா? ஜபத்தில் மனம் நிற்காதபோது புதிய மாலையையும், தியானம் கூடாதபோது புதிய ஆசனத்தையும், நூலில் முதல் அத்தியாயம் கடக்காதபோது மற்றொரு பதிப்பையும் நாடுவது சாதகர்கள் அறியாத செய்தி அன்று.

விஷயங்களை மீண்டும் மீண்டும் எண்ணுவதிலிருந்து பற்று தோன்றுகிறது என்றும், பற்றிலிருந்து ஆசையும், அதிலிருந்து சினமும் பிறக்கின்றன என்றும் கீதையின் இரண்டாம் அத்தியாயம் ஒரு படிவரிசையைக் காட்டுகிறது. அதன் முதற்படி வாங்குவது அன்று, எண்ணுவதே. ஆதலால் தடுக்க வேண்டிய இடம் கடை வாசல் அன்று. இரவில் படுக்கையில் கைப்பேசியைத் திறக்கும் கணம். அங்கே ஒரு விரலை அடக்குவது எளிது. நான்கு வாரம் கழித்து ஒரு குழுவின் மனத்தையே தன் பக்கம் திருப்பிவிட்ட ஆசையை அடக்குவது எளிதன்று.

ஒருவர் வினவலாம்: "புதிய கருவி வந்த நாளில் உண்மையாகவே ஆனந்தம் உண்டாகிறதே, அது பொய்யா?" பொய்யன்று. வித்யாரண்யரின் பஞ்சதசி இதற்கு நுட்பமான விளக்கம் தருகிறது. விரும்பிய பொருள் கைக்கு வந்ததும், அதுவரை வெளியே அலைந்துகொண்டிருந்த மனம் கணநேரம் அலைவதை நிறுத்தி உள்முகமாகிறது. அசைவற்ற நீரில் நிலவு தெளிவாகத் தெரிவதுபோல, அந்த அமைதியில் ஆத்மாவின் ஆனந்தமே பிரதிபலிக்கிறது. மனிதன் அதைப் பொருளிலிருந்து வந்ததாகக் கணக்கெழுதிவிடுகிறான். முதல்நாள் மாலை புதிய தம்புரா தேவலோகத்து ஒலியாகக் கேட்பதும், மூன்றாம் மாதம் அதே தம்புரா சுவரோரம் சாய்ந்து கிடப்பதும் இதனால்தான். மரமும் சுரைக்குடமும் தந்தியும் மாறவில்லை. மனம் மறுபடியும் அலையத் தொடங்கிவிட்டது. அமைதிப்பட்ட மனத்தில்தான் இனிமை இருக்கிறது என்றால், நாள்தோறும் பழைய தந்தியை மீட்டிச் சுருதியில் மனத்தை நிறுத்துபவருக்கு அது செலவில்லாமலே கிடைக்க வேண்டும். கிடைக்கவும் செய்கிறது. பல்லாண்டு சாதகம் செய்த பாடகர்கள் அதிகாலையில் ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நின்று பழகுவது வேறெதற்காக?

பிருஹதாரண்யக உபநிஷத்தில் இதே கருத்துக்கு இன்னும் பொருத்தமான சொல் கிடைக்கிறது. இல்லறத்தை விட்டுப் புறப்படும் யாக்ஞவல்க்கியர் தம் சொத்தை இரு மனைவியருக்கும் பிரித்தளிக்க முற்படுகிறார். செல்வம் நிறைந்த இவ்வுலகம் முழுவதும் தனக்கே கிடைத்தாலும் அதனால் அமரத்துவம் பெற முடியுமா என்று மைத்ரேயி கேட்கிறாள். முடியாது என்கிறார் முனிவர். உபகரணங்கள் உடையவர்களின் வாழ்க்கை எத்தகையதோ அத்தகையதாகவே அவளுடைய வாழ்க்கையும் இருக்கும் என்கிறார். அவர் செல்வர் என்று சொல்லவில்லை, அரசர் என்றும் சொல்லவில்லை. உபகரணம் உடையவர் என்றார். தமிழிலும் அன்றாடம் வழங்கும் அதே சொல். அவர்களுடைய வாழ்க்கையை அவர் இகழவும் இல்லை. அது வசதியானது, ஆனால் அவள் கேட்டது அதில் இல்லை, அவ்வளவுதான்.

வியப்பு என்னவெனில், அதே உபதேசத்தில் சற்றுப் பின்னர் முனிவரே இசைக்கருவிகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். பேரிகை, சங்கு, வீணை ஆகிய மூன்றும் வருகின்றன. ஒலிக்கும் பேரிகையிலிருந்து எழும் ஒலிகளைத் தனித்தனியே வெளியில் பிடிக்க இயலாது. பேரிகையையோ அதை முழக்குபவனையோ பற்றிக்கொண்டால் ஒலியும் பிடிபட்டுவிடும். சங்குக்கும் வீணைக்கும் அவ்வாறே கூறப்படுகிறது. ஒன்றை அறிந்தால் எல்லாம் அறிந்ததாகும் என்ற தத்துவத்தை விளக்கவே இவை வந்தன. ஆயினும், கருவிகளைத் தேடித் திரிபவர் இந்த இடத்தில் சற்று நின்று செல்வது நல்லது. கருவிகளைச் சேர்ப்பவன், வெளியில் சிதறும் ஒலிகளின் பின்னால் ஓடுகிறான். வாசிப்பவன் யார் என்ற பக்கம் திரும்புவதில்லை.

கருவிகள் பல இருப்பதே குற்றம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மத்தியப் பிரதேசத்து மைஹரில் வாழ்ந்து 1972-இல் மறைந்த உஸ்தாத் அலாவுதீன் கான் பல கருவிகளை வாசிக்கக் கற்றவர். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் நிகில் பானர்ஜியும் அவரிடம் பயின்றவர்கள். 1918-ஐ ஒட்டிய கொள்ளைநோய்க் காலத்தில் பெற்றோரை இழந்த சிறுவர்களைத் திரட்டி அவர் ஒரு வாத்தியக் குழுவை உருவாக்கினார். அக்குழுவுக்காக அவர் அமைத்த கருவிகளுள் 'நல்தரங்' ஒன்று. துப்பாக்கிகளின் இரும்புக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, ஸ்வர வரிசையில் அடுக்கி, தட்டி வாசிக்கும்படி செய்யப்பட்டது அது. அங்கேயும் புதிய கருவி வந்தது. ஆனால் அநாதைக் குழந்தைகளின் கைக்கு வேலையும் காதுக்கு ஸ்வரமும் தர வேண்டும் என்ற தேவை முதலில் வந்தது. கருவி அதன் பின்னால் வந்தது. கிடைத்ததைக் கொண்டு செய்ததுமாயிற்று.

மராட்டியத்தின் வாரகரி அடியார்களிடம் இன்னும் அழகான ஒழுக்கம் உண்டு. ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்குடன் ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் நோக்கி ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து செல்லும் கூட்டம் பல 'திண்டி'களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு திண்டியிலும் தாளம் ஏந்துவோர் பலர் இருப்பர், மிருதங்கம் ஒலிக்கும், வீணை ஒன்று இருக்கும். தென்னாட்டுச் சரஸ்வதி வீணை அன்று. கழுத்தில் தொங்கவிட்டு மீட்டப்படும், சுருதிக்கு மட்டுமே உதவும் சில தந்திகளை உடைய சிறிய கருவி. ஊர்களில் ஏழுநாள் நாமசங்கீர்த்தனம் நடக்கும்போது இந்த வீணையைக் கீழே வைப்பதில்லை. ஒருவர் தம் முறை முடியும்வரை நின்றபடியே மீட்டுவார். அடுத்தவர் வந்து வணங்கி அதைப் பெற்றுக் கழுத்தில் அணிந்துகொள்வார். உழவரும் கடைக்காரரும் ஆசிரியரும் முறைவைத்து இரவிலும் பகலிலும் அந்த ஒரே கருவியைத் தாங்குகிறார்கள். அது யாருடைய வீணை, எந்த ஊரில் செய்தது, எத்தனை விலை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. தம் முறை எப்போது வரும் என்பது மட்டுமே பேச்சு.

உண்மையான தேவை எழுவதும் உண்டு. ரீடுகள் தேய்ந்து பலமுறை சீர்செய்தும் சுருதி நிற்காமல் போகலாம். கேட்போர் தொகை பெருகி, பின்வரிசை முதியவர்களுக்கு ஒலிபெருக்கி இன்றிப் பாடல் எட்டாமல் போகலாம். ஆர்மோனியத்தின் துருத்தி ஒழுகுகிறதா என்று அறிய வேண்டுமானால், ஸ்டாப்புகளை எல்லாம் மூடி, துருத்தியைக் காற்றால் நிறைத்து, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தாலே போதும். மனத்தின் ஆசையை அறியும் சோதனையும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். வாயில்களை மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் அந்தப் பொருளின் படத்தைப் பார்க்காமல், அதைப் பற்றிப் பேசாமல், இருக்கும் கருவியை நாள்தோறும் வாசித்து வந்தால், தேவை அப்போதும் அங்கேயே இருக்கும். ஆசை பெரும்பாலும் கசிந்து போயிருக்கும். அதற்குப் பின்னரும் ஐயம் நீடித்தால் தம்மைப் போலவே ஆசைப்படும் நண்பரைக் கேட்பதில் பயனில்லை. தம்முடைய வாசிப்பின் குறைகளை அறிந்த ஆசிரியரையோ, அந்தச் செலவின் சுமையைத் தாங்கப்போகும் இல்லத்தாரையோ கேட்க வேண்டும். வாழ்க்கைத் துணைக்குத் தெரியாமல் வாங்கி, உறவினர் வீட்டில் ஒளித்துவைக்கும் அளவுக்குச் சென்றவர்களும் உலகில் இருக்கிறார்கள். அங்கே இசை எப்போதோ விடைபெற்றுவிட்டது.

ஏற்கெனவே பல கருவிகளைச் சேர்த்துவிட்டவர் வருந்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. வாசிக்கப்படாத கருவி ஓய்வெடுப்பதில்லை, கெடுகிறது. ஹார்மோனியத்தின் ரீடுகளில் தூசி படிகிறது, துருத்தியின் தோலைப் பூச்சி அரிக்கிறது, தம்புராவின் தந்திகள் துருவேறுகின்றன, தபலாவின் தோல் தளர்கிறது. அதே ஊரில் கருவி வாங்க வசதியின்றிக் கற்க விரும்பும் சிறுவர் இருப்பர். இசை வகுப்பு நடத்தும் பார்வையற்றோர் பள்ளி இருக்கலாம். கொடுப்பதாக முடிவு செய்தால், வேண்டாததைக் கழிப்பதுபோல் கொடுக்கலாகாது. முதலில் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசென்று, ரீடுகளைத் துடைத்து, தந்திகளை மாற்றி, சுருதி சேர்த்து, தாமே ஒருமுறை வாசித்துப் பார்த்த பின்னர் உறையுடன் கொடுக்க வேண்டும்.