குளிர்த்தி பாடிய ஊரிலிருந்து

வெக்கை நாட்டில் பிறந்தவர் குளிர்ச்சியை அருள் என்கிறார். அவரே பனிநாட்டுக்கு வந்தபின் சூட்டுக்கு ஏங்குகிறார். அப்படியானால் அவர் கும்பிட்டது தெய்வத்தையா, காலநிலையையா? ரொறன்ரோவில் விண்டர் தொடங்கினால் இந்தக் கேள்வியும் எனக்குள் தொடங்கிவிடும்.

என் ஊர் கல்லடி. வைகாசியில் கச்சான் வீச, வாவிக்கரைப் புல்லெல்லாம் கருகும். அந்த மாதத்தில்தான் மட்டக்களப்பின் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். அம்மம்மா என்னைச் செட்டிபாளையத்துக்குக் கூட்டிப்போவா. கண்ணகையின் கதையான வழக்குரையைப் படிப்பார்கள். முடிவில் குளிர்த்தி: மதுரையை எரித்தவளின் கோபம் ஆறப் பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளிப்பார்கள். கொப்பளிப்பான், சின்னமுத்து வராமல் அவள் காப்பாள் என்று நம்பினோம்.

இங்கே நவம்பரில் போட்ட ஜக்கெற்றை ஏப்ரலில்தான் கழற்றலாம். டிசம்பரில் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஊரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசமும் வராது. இந்த இருட்டில் மனம் சோர்வதை வைத்தியர்களே ஒரு நோயாகக் கணிக்கிறார்கள்.

மார்கழியில் திருவெம்பாவைப் பூசைக்குக் கிணற்றடியில் முழுகிப் போன உடம்பு இது. மைனஸ் இருபதில் அந்த ஆசாரம் என்னாவது? சைவ மரபு இதற்கு முன்பே இடம் வைத்திருக்கிறது. தண்ணீரில் முழுகுவது ஒரு நீராடல். உடம்பெங்கும் திருநீறு பூசுவதும் நீராடலே. அதை ஆக்கினேய ஸ்நானம், நெருப்பின் நீராட்டு என்பார்கள். உடம்பின் இயலாமையை அறிந்தவர்கள் வகுத்த விதி அது.

சுவாமி விபுலாநந்தரையும் நினைத்துக்கொள்வேன். கண்ணகை அம்மன் கோயில் கொண்ட காரைதீவில் 1892இல் பிறந்தவர். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தவர். பின்னர் இமயமலையில், 6,000 அடிக்கும் மேலே, பனி பெய்யும் மாயாவதி ஆசிரமத்தில் இருந்து ‘பிரபுத்த பாரத’ இதழை நடத்தினார். விவேகானந்தரின் விருப்பப்படி அங்கே விக்கிரகம் இல்லை, பூசை இல்லை. வேப்பிலையும் கடலும் இல்லாத இடத்திலும் அந்தக் கடற்கரைப் பிள்ளையின் பக்தி குறையவில்லை. 1947இல் யாழ் நூலைத் தந்துவிட்டு மறைந்தார். அவருடைய சமாதி கல்லடியில் இருக்கிறது.

என் கேள்விக்கு விடையைக் குளிர்த்தியிலேயே காண்கிறேன். கண்ணகையின் கோபம் நியாயமானது. அதை அணைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மனிதர் பக்கத்தில் நின்று வாழக்கூடிய அளவுக்கு அது இறங்கிவர வேண்டும் என்றே பாடினார்கள். அடுப்பில் அடங்கி எரியும் நெருப்பை யார் வெறுப்பார்? எங்கள் முன்னோர் வேண்டியது அந்த அளவைத்தான். வெக்கை நாட்டில் அது குளிர்ச்சியாக வந்தது. பனிநாட்டில் சூடாக வரவேண்டும்.

இன்னொன்று: குளிர்த்தி தனி ஒருவர் செய்து முடிக்கும் காரியம் அல்ல. ஊர் கூடினால்தான் சடங்கு. கனடாவில் குளிரைவிடக் கொடியது, அந்தக் கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குள் அடைபட்டுப்போவது. வாரக்கணக்கில் வெளியே காலெடுத்து வைக்காத முதியவர்கள் எங்கள் தொடர்மாடிகளில் இருக்கிறார்கள்.

பனி கொட்டும் நாளில் கோயிலுக்குப் போக முடியாவிட்டால் பாவமில்லை. நீறு பூசிக்கொண்டு, ஒரு போத்தல் ரசத்தோடு அந்த முதியவர்களில் ஒருவரின் கதவைத் தட்டுங்கள். அது அம்மனுக்குச் செய்யும் சடங்கில் சேர்த்தி என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.